இரண்டு நாற்காலிக்கு நடுவில் கோல்கீப்பர்

ஹாக்கி சீசன் முடிந்த கையோடு அணியின் பிசியோதெரபிஸ்ட் அம்மா கோல்கீப்பரிடம் சொன்னது சின்ன விஷயம்தான். கொஞ்ச நாள் நன்றாகத் தூங்க வேண்டும். பிறகு மல்லாந்து படுத்து, முட்டியை மெதுவாக உள்ளே சாய்த்து, வெளியே சாய்த்து, இறுகிப்போன இடுப்பை இளக்க வேண்டும். கனத்த கால்காப்புகளோடு ஆண்டு முழுக்க விழுந்து எழுந்தவனுக்கு அது போதும்.

போதும் என்பதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. ரசிகர்கள் 'கோட்டை' என்று பட்டப்பெயர் வைத்த ஆள். கோட்டை தரையில் கிடந்து முட்டியை ஆட்டுவதா?

அவனுக்குத் தோதாக வாய்த்தவன் மனைவியின் தம்பி. ஜிம் நடத்துகிறான். அங்கே கருவிகளைவிடக் கண்ணாடிகள் அதிகம்.

"மாமா, ரெண்டு நாற்காலி. இதுல ஒரு கால், அதுல ஒரு கால். நடுவுல நீங்க அந்தரத்துல. வீடியோவப் போட்டா அவனவன் வாயப் பொளப்பான்."

பஸ் டிரைவரான மனைவி வேலை முடிந்து வீடு திரும்பியபோது, சோபா சுவரோரம் ஒதுங்கியிருந்தது. கணவன் ஆட்டச் சட்டையும் ஹெல்மெட்டுமாக நாற்காலிகளுக்கு நடுவே நின்றான்.

"வீட்டுக்குள்ள எதுக்கு ஹெல்மெட்?"

"அப்பதான்க்கா கோல்கீப்பர்னு தெரியும்," என்றான் தம்பி, போனை ஸ்டாண்டில் பொருத்தியபடி.

"மூஞ்சி தெரியாம இருக்கறதும் நல்லதுதான். பிசியோ இதையா செய்யச் சொன்னாங்க?"

"அவங்க சொல்றதெல்லாம் வயசானவங்களுக்கு," என்றான் கணவன்.

"உங்க இடுப்புக்கு என்ன வயசுன்னு அதுகிட்ட கேட்டீங்களா?"

அவள் உடை மாற்ற உள்ளே போனாள். மாற்றி முடிப்பதற்குள் நாற்காலி சரியும் சத்தம், கூடவே ஓர் அலறல். ஓடி வந்தால், கோட்டை தொடை இடுக்கைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டு கிடந்தது. தம்பி போனில் பதிவை நிறுத்தவே இல்லை.

"டேய், அத அணைச்சுட்டு வந்து தூக்குடா."

"இரு அக்கா, முகபாவம் நல்லா வருது."

"ஹெல்மெட்டுக்குள்ள ஏதுடா முகபாவம்?"

தசை கிழிந்திருந்தது. ஸ்கேன் படத்தைப் பார்த்த பிசியோ, அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நாற்காலி உட்கார்றதுக்குங்க," என்றாள். பழைய பயிற்சியேதான், ஆனால் இனி காயம் ஆறிய பிறகுதான் என்றாள்.

தம்பி அந்த வீடியோவை வீணாக்கவில்லை. 'இப்படிச் செய்யாதீர்கள்' என்று தலைப்பு வைத்துப் போட்டான். அதுவரை அவன் போட்டதிலேயே அதைத்தான் நிறையப் பேர் பார்த்தார்கள். அதைச் சொல்ல அவன் வந்தபோது கணவனின் முகத்திலும் ஒரு பூரிப்பு வந்து போனது. அவன் விழுந்ததைக்கூட மனைவி மன்னித்திருப்பாள். அந்தப் பூரிப்பை அவளால் மன்னிக்க முடியவில்லை.

புதிய சீசனின் முதல் ஆட்டத்தில், சொன்ன பேச்சைக் கேட்டு விடுமுறையைத் தூங்கியும் முட்டியைச் சாய்த்தும் கழித்த மாற்று கோல்கீப்பர் களமிறங்கினான். ஊன்றுகோலோடு கோட்டை கேலரியில், மனைவி பக்கத்தில். கீழே மாற்று கோல்கீப்பர் கால்களை அகல விரித்துச் சறுக்கிப் பந்தைத் தடுத்தான். தடுத்த வேகத்திலேயே எழுந்தும் நின்றான்.

"அவன் கால் வைக்கிற விதமே தப்பு," என்றான் கோட்டை.

"பந்து உள்ள போகலையே," என்றாள் அவள்.

அணி ஜெயித்தது. கேலரி மொத்தமும் எழுந்து கைதட்டி ஓய்ந்துகொண்டிருந்தபோது, கோட்டை ஊன்றுகோலை மடியில் சாய்த்துவிட்டு, யாரோ வற்புறுத்தியது போல மெதுவாகத் தட்டத் தொடங்கினான். அவள் அவனைத் திரும்பிப் பார்க்காமல், கிளம்புவதற்குக் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.