நட்பு ஆட்டத்துக்கு வைத்த பந்தயம்

கழகங்களின் சிறந்த ஆட்டக்காரர்கள் வடக்கு, தெற்கு என்று பிரிந்து ஆடும் அந்தப் பேஸ்போல் ஆட்டம் அதுவரை வெறும் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. 1997 கோடையில் புதிதாக ஒன்றை அறிவித்தார்கள்: இதில் வெல்லும் பக்கத்தைச் சேர்ந்த கழகத்தின் மைதானத்திலேயே அந்த ஆண்டின் கழகங்களுக்கிடையிலான இறுதிப் போட்டி நடக்கும்.

அன்று ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகர மைதானத்தில் யாரும் சிரிக்கவில்லை. தெற்குக்குப் பந்து எறிந்தவன் சுகிர்தன். வடக்கின் மட்டைக்காரன் ஜோன்சனும் தமிழன், அவனோடு ஒரே அகதி முகாமில் வளர்ந்தவன். ஜோன்சன் இரண்டு முறை பந்தை வேலிக்கு அப்பால் அடித்ததும் தெற்கின் பயிற்சியாளர் சுகிர்தனை அழைத்தார்.

“அடுத்த பந்து அவன் தலைக்கு நேரே போகட்டும். பயந்தால் அடிக்கமாட்டான்.”

“என்னால் முடியாது” என்றான் சுகிர்தன்.

பயிற்சியாளர் அவனை வெளியே எடுத்துவிட்டு, இன்னும் வேகமாக எறியும் ஒருவனை இறக்கினார். அவன் காதில் ஏதோ சொன்னார். அவன் தலையாட்டினான். ஒன்றும் அறியாத ஜோன்சன் மட்டையைச் சுழற்றியபடி வந்து நின்றான்.

எறிபவன் கையை ஓங்கியதும் சுகிர்தன் எழுந்து தமிழில் கத்தினான்.

“ஜோன்சன், குனியடா! மண்டைக்கு எறியிறான்!”

ஜோன்சன் நிலத்தில் விழுந்தான். அவன் தலை இருந்த இடத்தால் பந்து சீறிக்கொண்டு போனது.

தெற்கு தோற்றது. சுகிர்தனின் பையை யாரோ உடை மாற்றும் அறைக்கு வெளியே எறிந்திருந்தார்கள். ஜோன்சன் காரோடு காத்து நின்றான்.

“அடுத்த வருசமும் வருவியோ?” என்று கேட்டான்.

“ஏலாது மச்சான்” என்றான் சுகிர்தன். “அடுத்த முறை தமிழ் தெரியாதவன்ர மண்டைக்கு எறிஞ்சால் அவனுக்கு ஆர் சொல்லுறது?”