கடைசி அத்தியாயத்தில் நான்கு வரி

சொர்ணலட்சுமி எதிர் உளவுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாட்டுக்குள் நுழையும் ஒற்றர்களைப் பிடிப்பதுதான் அந்தப் பிரிவின் வேலை. பொன்விழா வந்ததால் பிரிவின் வரலாற்றை எழுதித் தரும்படி மேலிடம் அவரைக் கேட்டது. எழுதி முடித்தவர், எங்கள் ஊர்ப் பக்கம் அச்சடித்தால் நானே கூட இருந்து பார்த்துக்கொள்வேன் என்று அனுமதியும் வாங்கினார். ஆமத்தூரில் தம்பி வீட்டில் தங்கி, தினமும் பஸ் ஏறித் திருத்தங்கலில் அப்துல் குத்தூஸின் அச்சகத்துக்கு வந்தார்.

குத்தூஸுக்கு ஒரே வருத்தம். "என்னக்கா, ஒருத்தன் பேரு கூட இல்ல. ‘ஓர் ஊரில் ஓர் ஆள் பிடிபட்டான்’னு இருக்கு. பச்சப்பிள்ளைக்குச் சொல்ற கதை மாதிரில்ல இருக்கு!"

"மேலிடத்துல அம்புட்டையும் வெட்டிட்டாக பாய். மிச்சத்த அடிங்க."

ஆடி மாதம். அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளைப் பார்க்க ஏஜெண்டுகள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் மட்டும் போகவில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் முன்னறையில் உட்கார்ந்து முருகன் படத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏஜெண்ட் என்றால் சாமி முகத்தைப் பார்க்கும் முன்பே ரேட் கேட்பார். இவர் கேட்கவே இல்லை.

சொர்ணலட்சுமிக்கு உடம்பு சிலிர்த்தது. ஓய்வுக்குப் பிறகு இப்படியொரு சந்தோஷம் கிடைக்கும் என்று அவர் நினைத்ததில்லை. அந்த ஆள் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனபோது, பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எந்த ஊருக்குக் காலண்டர் எடுக்கீக?"

"பொள்ளாச்சிக்குங்க."

"அங்கன எந்தக் கடைக்கு?"

அந்த ஆள் டீயை ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார்.

"யாரு அனுப்பி வந்தீக? சொல்லீருங்க. இல்லன்னா போலீஸுக்குப் போன் போடுவேன்."

"போட்றாதீங்க மேடம்! நானும் நம்ம பிரிவுதானுங்க. பேரு கண்ணுச்சாமி. உங்களைக் கவனிக்கத்தான் அனுப்புனாங்க."

"என்னையவா?"

"பிரிவோட தாள் யார் கையில இருந்தாலும், ஓய்வு பெற்றவங்களே ஆனாலும், கண்காணிக்கோணும்னு விதி இருக்குதுங்களே. நீங்க போட்ட விதிதானுங்க."

உண்மைதான். இத்தனை வருஷ விசுவாசத்துக்கு இதுவா என்று முதலில் அவருக்குச் சுருக்கென்றது. அடுத்த நொடியே சிரிப்பு வந்து புரையேறியது.

"கண்காணிக்க வந்த ஆளே மாட்டிக்கிட்டீகளே! இதுவும் வரலாறுதான? கடைசி அத்தியாயத்துல நாலு வரி சேத்துருதேன்."

"எனக்கு புரமோஷன் வர்ற நேரமுங்க மேடம்!"

"பேரு போடல. ‘ஓர் அதிகாரி’ன்னு போடுதேன். பேரு இல்லன்னா மேலிடமும் வெட்டாது."

இருவரும் அச்சகத்துக்குத் திரும்பியதும், சொர்ணலட்சுமி எழுதிக் கொடுத்த நான்கு வரியைக் குத்தூஸ் அப்போதே கம்ப்யூட்டரில் ஏற்றி, புரூஃப் எடுத்து வந்தார். "புத்தகத்துலேயே இதுதான்க்கா விறுவிறுப்பா இருக்கு."

கண்ணுச்சாமி தாளை வாங்கிப் படித்தார். காதுமடல் சிவந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ‘மாட்டிகொண்டார்’ என்று இருந்த இடத்தில் விடுபட்ட ‘க்’கைச் சேர்த்துவிட்டு, தாளைக் குத்தூஸிடம் திருப்பிக் கொடுத்தார்.