நல்ல கண்ணுக்குக் கட்டு

நன்றாயிருக்கிற கண்ணுக்குக் கட்டுப் போட்டு அனுப்பினால் எந்தத் தாய்க்குத்தான் தலை சுற்றாது, சொல்லுங்கள். பொன்னுத்தாய்க்குச் சுற்றியது. புதுக்கோட்டையில் பஸ் ஏறியதிலிருந்து ஆலங்குடியில் இறங்கும்வரை, மடியில் கிடந்த நாலு வயது அழகியின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். பழுது என்று சொன்னது இடது கண். பஞ்சு வைத்துக் கட்டியிருந்ததோ வலது கண்ணில்.

பழுதைக் கண்டுபிடித்தவர் ஊர்ப் பாலர் பள்ளி டீச்சர் அடைக்கலமேரி. பிள்ளைகளுக்கு முகம் துடைத்துவிடும்போது, துண்டு இடது கண்ணை மறைத்தால் அழகி சும்மா நிற்பாளாம். வலது கண்ணை மறைத்தால் கையைக் கடிக்க வருவாளாம். நாலு நாள் பார்த்துவிட்டுத்தான் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அந்த இடது கண் மூக்குப் பக்கம் லேசாக ஒதுங்கியிருப்பதை ஊரே பார்த்திருக்கிறது. மாறுகண் பிள்ளை அதிர்ஷ்டக்காரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

"கண்ணுல நோவு இல்லைம்மா. அது பாக்கப் பழகலை," என்றார் கண் டாக்டரம்மா. "நல்ல கண்ணைத் தெனம் காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் மூடி வை. இப்பப் பழக்குனா பழகிக்கும். ஏழெட்டு வயசுக்கு மேல கொண்டாந்தா என் கையில ஒண்ணும் இல்லை."

நோவு இல்லையாம், பார்வையும் இல்லையாம். எந்தப் பக்கம் திருப்பினாலும் பொன்னுத்தாய்க்கு அது பிடிபடவில்லை.

மறுநாள் விதைக்கடலை உடைக்கிற களத்துக்குப் பிள்ளையையும் கூட்டிப்போனாள். அழகி அழுதுகொண்டே நடந்து, முறத்தை மிதித்துக் கவிழ்த்தாள். பக்கத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்த இருளாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏண்டி, இடது கண்ணுக்குத்தானே போன?"

"ஆமாக்கா."

"பல்லு வலின்னு போனவளுக்குக் காதைக் கட்டி அனுப்புன கதையால்ல இருக்கு. கூட்டத்துல கை மாறிப்போச்சுடி. பாவம், அவுகளும் எத்தனை பிள்ளையத்தான் பாப்பாக."

களமே சிரித்தது. பொன்னுத்தாய் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அதுதான் சரியென்று பட்டது. புண் இருக்கிற இடத்தில்தானே மருந்து, வீங்கின இடத்தில்தானே பற்று. அங்கேயே கட்டை அவிழ்த்து இடது கண்ணுக்கு மாற்றிக் கட்டினாள். அழகி அழுகையை நிறுத்திவிட்டுக் கோழி விரட்டப் போனாள்.

அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. காலையில் கட்டு, மத்தியானம் அவிழ்ப்பு. டாக்டரம்மா சொன்னதில் கண்ணை மட்டும்தான் மாற்றிக்கொண்டாள். கட்டோடு பள்ளிக்கு அனுப்பப் பயந்து களத்திலேயே வைத்துக்கொண்டாள்.

இருபது நாள் கழித்து டீச்சரே தேடி வந்தார். பிள்ளையைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது.

"கட்டை யாரு மாத்துனது?"

"நாந்தான் டீச்சர். அவுக கைமறதியா..."

"அழுறாளா?"

"இல்லைங்க, நல்லா வெளையாடுறா."

"அழுகாமப் பாக்குறதுக்கு நல்ல கண்ணு இருக்குல்ல பொன்னுத்தாயி. அது இருக்கையில இது ஏன் மெனக்கெடும்? இருபது நாளும் இதைத் தூங்க வச்சிருக்கீங்க."

பொன்னுத்தாய் தன் கைகளைப் பார்த்தாள். போன வருசம் வலது கைப் பெருவிரலில் நகச்சுத்தி வந்து, இடது கையாலேயே கடலை உடைத்தது நினைவுக்கு வந்தது. முதல் வாரம் பருப்பெல்லாம் நொறுங்கியது, பிறகு அந்தக் கை பழகிவிட்டது. ஆனால் கை வேறு, கண் வேறு இல்லையா? யாரைக் கேட்பது?

மறுநாள் விடிந்ததும் வலது கண்ணில் பஞ்சை வைத்தாள். அழகி திமிறினாள். "இருட்டா இருக்கு ஆத்தா, வேணாம் ஆத்தா."

ஏர்க்கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த புருசன் சேவுகன் திரும்பினான். "எந்தக் கண்ணுடி கட்டுற?"

"நல்ல கண்ணை."

"வெவரம் தெரிஞ்சுதான் கட்டுறியா?"

"தெரியலை. தெரியாமத்தான் கட்டுறேன். தப்பாப் போச்சுன்னா என்னையச் சொல்லுங்க."

அவன் வந்து பிள்ளையின் கைகளைப் பிடித்துக்கொண்டான். முடிச்சு விழுந்தது.

களத்தில் இருளாயி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பொன்னுத்தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அழகி அழுது ஓய்ந்து முறத்தின் முன் உட்கார்ந்தாள். தனியாகக் கிடந்த ஒரு பருப்புக்குக் கை நீட்டினாள். கை ஒரு சாண் தள்ளி மண்ணில் விழுந்தது. மறுபடி நீட்டினாள், மறுபடியும் மண்.

பருப்பைக் கிட்டே நகர்த்தப் பொன்னுத்தாயின் விரல் எழுந்தது. நகர்த்தலாமா, கூடாதா? டாக்டரம்மா அதைச் சொல்லவில்லை. விரலை மடக்கிக்கொண்டு, கலைந்த தலையோடு மூன்றாம் முறை கை நீட்டும் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.