முழங்கால் மேல் போட்ட பழி

பழி முழுக்க என் வலது முழங்கால் மேல்தான் விழுந்தது. போன ஈஸ்டருக்குப் பாதிரி இறக்கம் என்கிற மலைச்சரிவின் நடுவில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு நான் தலைகுப்புற விழுந்ததும், மீட்புக் குழுவினர் என்னைக் கம்பளியில் சுற்றிப் பனி ஸ்கூட்டரில் ஏற்றிக் கொண்டுபோனதும் ரௌலான் ஊருக்கே தெரியும். எலும்பு முறியவில்லை. தசைநார் கொஞ்சம் கிழிந்தது, கோடை முடிவதற்குள் ஆறியும் விட்டது. ஊர் வாய்தான் ஓயவில்லை. கூட்டுறவுக் கடையில் பால் அலமாரியருகே ஒருத்தி "ஓஸ்னேக்கு முழங்கால் போச்சாம்" என்றாள். ரொட்டி அலமாரிக்குப் போவதற்குள் எனக்கு இடுப்பும் போயிருந்தது.

வீட்டிலும் அதே கதைதான். பிப்ரவரியில் ஒரு காலை, காபி குடித்துக்கொண்டே என் கணவன் ஹால்வோர் தீர்ப்பு சொன்னான்.

"இந்தத் தடவை ஈஸ்டருக்கு நீ ஸ்கூட்டர்ல வந்துடு ஓஸ்னே. மத்தவங்க சாமான ஏத்திட்டுப் போற வண்டிதானே, பின்னாடி உக்காந்துக்கோ. நான் மலை வழியா சறுக்கி வந்து நம்ம குடில்ல சேந்துக்கறேன்."

"நான் என்ன உருளைக்கிழங்கு மூட்டையா?"

"கோவப்படாத. அறுபது நெருங்குது. இந்த வயசுல மண்டி போட்டுத் திரும்பலன்னு யாரு அழுதா?"

நான்தான் அழுதேன், போன ஈஸ்டரிலிருந்து, அவனுக்குத் தெரியாமல். குதிகாலைக் கட்டையோடு பூட்டாமல், ஒரு காலை முன்னே தள்ளி, பின்கால் முழங்காலைப் பனியைத் தொடுகிற மாதிரி மடக்கி வளைவதுதான் டெலிமார்க். எங்கள் மாவட்டத்தின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு என்னால் ஈஸ்டரை நினைத்துப் பார்க்க முடியவில்லை. தவிர, ஸ்கூட்டரில் ஒருமுறை ஏறியவர்கள் திரும்ப இறங்கி நான் பார்த்ததில்லை. அடுத்த வீட்டு போர்கில்ட் "இந்த ஒரு வருஷம் மட்டும்" என்று சொல்லித்தான் ஏறினாள். இப்போது ஈஸ்டருக்கு அவள் ஸ்பெயினில் வெயில் காய்கிறாள்.

"பாதிரி இறக்கத்த என் கால்லயே இறங்கறேன். விழுந்தா, சாகற வரைக்கும் ஸ்கூட்டர்தான். வாயத் திறக்க மாட்டேன்" என்றேன்.

"சொன்ன பேச்சு மாறக் கூடாது" என்று ஹால்வோர் மேசைக்கு மேலேயே கை நீட்டினான். அவ்வளவு நம்பிக்கை, நான் விழுவேன் என்று.

சனிக்கிழமை பழைய கட்டைகளைத் தூக்கிக்கொண்டு தார்யையின் பனிச்சறுக்குக் கடைக்குப் போனேன். தார்யை என் சித்தி மகன். சறுக்குப் போட்டிகளில் ஜெயித்தவன், அந்தப் பெருமைக்காகவே மீசை வளர்ப்பவன். அவன் எடுத்து வைத்த முதல் ஜோடி ரொட்டித் தட்டு வைக்கலாம் போல அகலமாக இருந்தது.

"இதுதான் அக்கா இப்ப எல்லாரும் வாங்கறது. இறக்கத்துல வெண்ணெய் மாதிரி திரும்பும்."

தூக்கிப் பார்த்தேன். "ஏண்டா, குடிலுக்குப் போற வழியில முக்காவாசி சமவெளி. இறக்கம் ஒண்ணே ஒண்ணு. இதக் கட்டிட்டு நடந்தா இறக்கம் வர்றதுக்குள்ள எனக்கு ஓய்வூதியம் வந்துடும்."

அடுத்தது ஒல்லி. இறகு போல இருந்தது, ஆனால் ஓரத்தில் எஃகு விளிம்பு கிடையாது. காலையில் இறுகிக் கிடக்கும் பனியில் எதைப் பிடித்து வளைவது? வேண்டாம் என்றேன். மூன்றாவது இரண்டுக்கும் நடுவில் இருந்தது. எஃகு விளிம்பு, நடுத்தர அகலம், என் பழையதைவிட ஒரு சாண் குட்டை.

"எடை சொல்லு" என்றான். சொன்னேன். கட்டைகளைத் தரையில் வைத்து ஏறச் சொல்லி, நடுவில் அடியில் ஒரு காகிதத்தைச் செருகி இழுத்தான். கட்டையின் நடுப்பகுதி வில் போல மேலே வளைந்திருக்கும். ஆள் ஏறி நின்றும் காகிதம் ஓடினால் கட்டை சறுக்கும், மாட்டிக்கொண்டால் நடுப்பகுதி பனியில் ஒட்டிப் பிடித்து நிறுத்தும். காகிதம் ஓடியது.

"கச்சிதம். பில் போடவா?"

நான் இறங்கவில்லை. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள் நான். காலி வண்டிக்கும் பிள்ளைகள் ஏறிய வண்டிக்கும் பிரேக் ஒரே மாதிரியா பிடிக்கும்? அன்றைக்குப் பாதிரி இறக்கத்தில் நான் தனியாக இல்லை. என் முதுகுப் பையில் ஹால்வோர் குடும்பத்து இரும்பு, மாவு ஊற்றி வாஃபிள் அப்பம் சுடுகிறது, இருந்தது. இரண்டு வார்ப்புத் தட்டு, முழ நீளக் கைப்பிடி, நெருப்பில் நேராக வைக்கிற பழைய சனியன். அது இல்லாமல் எங்கள் வீட்டில் ஈஸ்டர் கிடையாது. அதைச் சுமப்பது எப்போதும் நான். ஹால்வோர் சுமப்பது தொத்திறைச்சியும் கோன்யாக் பிராந்தியும், பாதி வழியிலேயே இளைத்துவிடுகிற சுமை.

"தார்யை, இத எடுத்து வைக்காத. இதோ வந்துடறேன்."

வீட்டுக்குப் போய்ப் பையில் இரும்பையும் விறகையும் மற்ற எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு திரும்பினேன். முதலில் என் பழைய கட்டைகள் மேல் ஏறினேன். பையில்லாமல் காகிதம் ஓடியது. பையை மாட்டினேன். தார்யை இழுத்தான், வரவில்லை. இன்னும் இழுத்தான், கிழிந்தது.

கையில் பாதிக் காகிதத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்தான். "அக்கா, ஏத்தத்துல வழுக்காம இருக்க அன்னிக்கு நடுவுல என்ன மெழுகு பூசியிருந்த?"

"பசை மெழுகு. வெயில் அடிச்சுதே."

"அப்போ நீ விழல. பை பாரத்துல நடுப்பகுதி அமுங்கி, மெழுகு பனியில ஒட்டி, கட்டைதான் உன்னப் பிடிச்சு நிறுத்தியிருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆத்திரத்தில்தான். ஒரு வருஷமாக நானே என் முழங்காலைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம்.

அவன் கச்சிதம் என்ற புதுக் கட்டையிலும் பையோடு ஏறினால் காகிதம் அசையவில்லை. அதே ரகத்தில் இன்னும் விறைப்பான ஜோடியை உள்ளேயிருந்து எடுத்து வந்தான். அதில் ஓடியது. ஏறுவதற்கு மெழுகுக்குப் பதிலாக, அடியில் ஒட்டிப் பிறகு உரித்துவிடுகிற தோல் பட்டையும் கேட்டேன்.

தார்யை மீசையைத் தடவினான். "தோலா? மெழுகு பூசத் தெரியாதவங்கதான் தோல் ஒட்டுவாங்கன்னு ஊரே சிரிக்குமே."

"பல்லு இருக்கறவங்க சிரிக்கட்டும்."

முதலில் சிரித்தவன் ஹால்வோர். "பட்டணத்து ஓஸ்லோக்காரி ஆயிட்டியா?" காகிதக் கதையைச் சொன்னேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "கையத் தூக்கினா கட்ட மணிக்கட்டுக்கு வரணும். அவ்வளவுதான் கணக்கு. காகிதமாம், மண்ணாங்கட்டியாம்."

"அப்படியா? அப்போ இந்த வருஷம் இரும்பு உன் பையில. விறகும் மத்ததும் என் பையில."

"குடு. அதென்ன பெரிய மலையா?"

பாதிரி இறக்கத்தின் உச்சிக்கு வந்தபோது நல்ல வெயில். பனி மேலே இளகிப் பளபளத்தது. தோலை உரித்து மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். கீழே குடிலின் புகைபோக்கி தெரிந்தது. வலது முழங்காலைக் கையால் ஒருமுறை தடவிக்கொண்டேன். பயம்தான், வேறென்ன? விழுந்தால் இதுதான் நான் நின்று பார்க்கிற கடைசி உச்சி. ஓரமாக இன்னொரு வழி இருந்தது, நடந்தே இறங்கலாம். அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை நான்.

வழக்கம்போல் ஹால்வோர் முன்னால் போனான். முதல் வளைவு அழகாக வந்தது. இரண்டாவதும். நடுவில் சரிவு கொஞ்சம் தணிந்து வெயில் நேராக விழுகிற இடம், போன வருஷம் நான் விழுந்த அதே இடம். கட்டைகள் நின்றன. ஹால்வோர் நிற்கவில்லை. முகத்தாலேயே பனியை உழுதான். பையிலிருந்த இரும்பு பின்னாலேயே வந்து அவன் பிடரியில் ஒரு தட்டுத் தட்டியது.

நான் கிளம்பிவிட்டேன். இடது முழங்கால், வலது முழங்கால், மறுபடி இடது. வலது மடங்கும்போது பல்லைக் கடித்தேன். பிடித்தது. அவனருகில் வளைந்து நின்றேன்.

"எங்கயாவது அடிபட்டுதா?"

தாடியிலிருந்த பனியைத் துப்பினான். "மானத்துல."

"ஸ்கூட்டரக் கூப்பிடவா?"

ஹால்வோர் எழுந்து உட்கார்ந்தான். தன் கட்டைகளின் பசை மெழுகில் பனி அப்பளம் அப்பளமாக ஒட்டியிருந்ததைப் பார்த்தான். என் கட்டைகளைப் பார்த்தான்.

"ஓஸ்னே... அந்த இரும்ப நீயே எடுத்துக்கறியா?"

எடுத்துக்கொண்டேன். பை தோளை அழுத்தியது. மீதி இருந்தது செங்குத்தான பாதி, பேச்சு முழு இறக்கத்துக்கும் சேர்த்துத்தான். விறகும் இரும்பும் முதுகில் மோத, மண்டி போட்டு, எழுந்து, மறுபடி மண்டி போட்டு, குடில் வாசல் வரை ஒரே மூச்சில் இறங்கினேன். யாரும் இல்லாத வாசலில் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

ஹால்வோர் கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பளவு பனியில் நடந்தே வந்து சேர்ந்தான். அதற்குள் நான் அடுப்பு மூட்டி இரும்பைச் சூடேற்றியிருந்தேன். பூட்ஸைக் கழற்றினான், காலுறையைப் பிழிந்தான், பெஞ்சில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினான்.

"தார்யை கடை ஈஸ்டருக்கு அப்புறம் என்னிக்குத் திறப்பான்?"

"செவ்வாக்கிழம. பையோட போ" என்றேன். "இப்ப எந்திரிச்சு மாவக் கலக்கு."