பேயில்லாத பேய்ப் படம்

எங்கள் பேயைக் கொன்றது விமர்சகர்கள் இல்லை, என் அண்ணன்தான். விமர்சகர்கள் கொன்றிருந்தால் எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது. அவர்கள் எங்களுடைய மூன்று பேய்களை ஏற்கெனவே கொன்றவர்கள், பழகிவிட்டது.

அண்ணன் இயக்குநர். பேய்ப் படம்தான் எடுப்பான், வேறு எதுவும் அவனுக்கு வராது. அவன் படங்களுக்கு ஒலி வடிவமைப்பு நான். பாட்டும் பின்னணி இசையும் வேறு ஆட்கள் செய்வார்கள். கதவு கிறீச்சிடுவது, மாடியில் யாரோ நடப்பது, யாருமே இல்லாத அறையில் கேட்க வேண்டியது எல்லாம் என் பொறுப்பு. சொந்தக்காரர்கள் யாராவது என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டு "பேய்க்கு இவதான் குரல்" என்று சொல்லிவிடுவார்.

முதல் மூன்று படங்களுக்கும் கூட்டம் முட்டி மோதியது. கல்லூரிப் பெண்கள் கும்பலாக வந்து ஒருத்தி தோளில் ஒருத்தி முகத்தைப் புதைத்துக்கொண்டு பார்த்தார்கள். கத்துவார்கள், கத்தியதை நினைத்துச் சிரிப்பார்கள், அடுத்த வாரம் தைரியசாலித் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து அவனைக் கத்த வைப்பார்கள். பத்திரிகைகளில் மட்டும் கிழி கிழி என்று கிழித்தார்கள். "பேய்க்கும் நமக்கும் ஒரே வேதனைதான், இருவராலும் சீக்கிரம் வெளியேற முடியவில்லை" என்று ஒருவர் எழுதினார். அண்ணன் அதை எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டிச் சிரித்தான். அன்றைக்கு மதியம் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

நாலாவது படத்தில் பேய் ஒருமுறைகூடத் திரையில் வராது. படுக்கையில் கிடந்த அம்மாவை மகள் கடைசிக் காலத்தில் சரியாகப் பார்க்கவில்லை. அம்மா போன பிறகு மகள் அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள், துணி மடித்துக்கொண்டிருப்பாள். படம் பார்க்கிறவர்களின் முதுகுக்குப் பின்னால் யாரோ காலை இழுத்து இழுத்து நடப்பார்கள். அம்மா மொத்தமும் சத்தம்தான், அதுவும் தியேட்டரின் பின்பக்க ஸ்பீக்கர்களில் மட்டும். இந்த யோசனை அண்ணனுடையது. அபாரமான யோசனை என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். அதனால்தான் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை.

அந்த அம்மாவை நான் உண்டாக்கினேன். ஈரத் துண்டைக் காலில் சுற்றிக்கொண்டு சிமெண்ட் தரையில் நாள் முழுக்க நடந்தேன். இரும்புக் கட்டிலின் கம்பியை நகத்தால் தடவித் தடவி விரல் வீங்கியது. மூச்சு என்னுடையது. முகத்தில் தலையணையை அமுக்கிக்கொண்டு விட்ட மூச்சு. பக்கத்து அறையில் இருந்த அண்ணி பதறியடித்து ஓடி வந்து தலையணையைப் பிடுங்கி எறிந்தார். எல்லாம் சேர்த்து முடித்த அன்று ஸ்டுடியோவில் விளக்கை அணைத்துவிட்டு ஓடவிட்டோம். எந்த இடத்தில் எந்த அடி விழும் என்று மனப்பாடமாகத் தெரிந்த அண்ணனே ஒரு கட்டத்தில் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தான். "இது போதும். தியேட்டரே எழுந்து ஓடப்போகுது" என்றான்.

வெளியீட்டுக்கு முந்தைய வாரம் விமர்சகர்களுக்குக் காலைக் காட்சி போட்டோம். அந்தக் காட்சியில் படம் எடுத்தவர்கள் யாரும் உள்ளே உட்காரக் கூடாது என்பது எங்கள் தொழிலில் வழக்கம். நம் மூஞ்சியைப் பார்த்தால் அவர்களுக்குச் சங்கடமாம். அவர்கள் மூஞ்சியைப் பார்த்தால் நமக்கு நெஞ்சு வலிக்கும் என்பதுதான் நிஜம். ஆகவே அண்ணனும் நானும் வெளியே நடைபாதையில், டீ மெஷினுக்குப் பக்கத்தில் போட்டிருந்த நாற்காலிகளில் காத்திருந்தோம். கதவில் காதை வைத்துப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. அம்மா முதல்முறை நடக்கும் இடம் தாண்டிவிட்டது, கட்டில் கம்பி தாண்டிவிட்டது, உள்ளே ஒரு இருமல்கூட இல்லை.

"என்னண்ணா, ஒருத்தர்கூட கத்தல?"

"அவங்க கத்த மாட்டாங்க. உள்ளுக்குள்ள பயப்படுவாங்க."

காலியான ஹாலில் ஆளுக்கு ஒரு மூலையாக, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கைகூட இல்லாமல் உட்கார்ந்து பேய்ப் படம் பார்ப்பதே ஒரு தண்டனைதான். பயம் தொற்றிக்கொள்கிற சமாச்சாரம். தொற்றுவதற்கு ஆள் வேண்டாமா? ஆனாலும் எங்கள் அம்மா காலி ஹாலையும் கலக்கிவிடுவாள் என்று நம்பியிருந்தேன்.

கதவு திறந்தது. மெதுவாக, பேசாமல் வெளியே வந்தார்கள். எல்லோருக்கும் மூத்தவரான விமர்சகர் ஒருவர் உண்டு. எந்தப் படம் பார்த்தாலும் நீளமாக மூச்சு விடுவதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பெருமூச்சு. அவர் நேராக வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேயே இல்லாம ஒரு பேய்ப் படம் எடுத்திருக்கீங்க. கடைசி வரைக்கும் அந்த அமைதியை விட்டுக்கொடுக்கல பாருங்க, அதுக்கு ரொம்ப தைரியம் வேணும்."

அண்ணனுக்கு முகமெல்லாம் பல். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. எந்த அமைதி? நான் படியேறி புரொஜெக்டர் அறைக்கு ஓடினேன். ஆபரேட்டர் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"பின்னாடி ஸ்பீக்கர் எதுவும் கேக்கலையா சார்?"

அவர் சுவரைப் பார்த்தார். ஒரு சுவிட்சைப் பார்த்தார். டப்பாவை மூடினார்.

"சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பல் டாக்டர் இருக்கார் மேடம். பல்லைப் பிடுங்குற நேரத்துல பின்னாடி சத்தம் வந்தா கை நடுங்குதுன்னு சண்டைக்கு வர்றார். அதனால காலையில எப்பவும் அணைச்சு வச்சிடுவேன். இன்னிக்கு உங்க படத்துக்காவது போட்டிருக்கணும், மறந்துட்டேன்."

"இத்தனை நாளா யாருமே கேக்கலையா?"

"குடும்பப் படத்துல பின்னாடி மழை மட்டும்தான் மேடம் பெய்யும். அது இல்லன்னா யாருக்குத் தெரியப்போகுது?"

கீழே வந்து அண்ணனை ஓரமாக இழுத்துச் சொன்னேன். அவன் முகம் வெளிறியது. அதுவரைக்கும் அவன் என் பழைய அண்ணன்தான். "எல்லாரையும் திரும்பக் கூப்பிடணும், நாளைக்கே இன்னொரு ஷோ போடணும்" என்றான். சாயங்காலத்துக்குள் விமர்சனங்கள் வந்துவிட்டன.

தலையில் தூக்கி வைத்து ஆடியிருந்தார்கள். "பயமுறுத்த மறுக்கும் துணிச்சல்" என்று ஒன்று. "பேய் வரும் வரும் என்று காத்திருக்க வைத்து, நம் குற்ற உணர்ச்சிதான் பேய் என்று உணர்த்துகிறார்" என்று இன்னொன்று. பெருமூச்சு எழுதியது எல்லாவற்றுக்கும் மேலே: "தன் ஜானரைத் தாண்டி உயர்ந்துவிட்ட படம்." இதைப் படித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேய்ப் படம் என்கிற வகையையே தாண்டிவிட்டதாம். அது என்ன தாண்டுவது? பேய்ப் படம் என்ன சாக்கடையா, நல்லவர்கள் தாண்டிக் குதித்துப் போவதற்கு? ஒரு கூட்டத்தை ஒரே நொடியில் மூச்சை நிறுத்த வைப்பது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று இவர்களில் ஒருவருக்காவது தெரியுமா? பயமுறுத்தினால் மலிவு, பயமுறுத்தாவிட்டால் கலை. இப்படி ஒரு கணக்கை யார் எழுதி வைத்தார்கள்?

அண்ணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டில் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"பின்னாடி ஸ்பீக்கர்ல வர்ற டிராக் எல்லாத்தையும் எடுத்துடலாம்னு நினைக்கிறேன்."

"எதை எடுக்கிற? அதுதான் பேய்."

"இருக்கட்டும். அது இல்லாமலே படம் நிக்குதுன்னு அவங்களே சொல்றாங்க."

"அவங்க பார்த்தது பாதிப் படம்ணா. ரிப்பேர் ஆன படம். ஸ்பீக்கர் அணைஞ்சு கிடந்ததை உன் தைரியம்னு எழுதியிருக்காங்க, நீயும் ஆமான்னு தலையாட்டுற."

"படத்துக்குப் பணம் போட்ட முதலாளி போன் பண்ணார். அந்த வரியெல்லாம் போஸ்டர்ல அடிக்கக் குடுத்தாச்சாம். பேயே இல்லன்னு அவங்க எழுதினப்புறம் தியேட்டர்ல பேய் வந்தா, அவங்க மூஞ்சியை எங்க வச்சுப்பாங்க? அடுத்த படத்துல நம்மளை உயிரோட விடுவாங்களா?"

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்கு இந்த டிராக் கிராக் எல்லாம் தெரியாது. ஆனா பயமுறுத்தாத பேய்க்கு எவன் டிக்கெட் எடுப்பான்?"

"உனக்குப் புரியாது."

"ஆமா, எனக்குப் புரியாது. இதுவரைக்கும் உங்க படத்தை என்னை மாதிரி புரியாத ஆளுங்கதான் ஓட வச்சாங்க" என்று சொல்லிவிட்டு அண்ணி எழுந்து போய்விட்டார்.

உண்மையைச் சொல்லிவிடு என்று நான் மறுபடி ஆரம்பித்தேன். அண்ணன் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"வாழ்க்கையில ஒரே ஒரு தடவை என்னை மனுஷனா மதிச்சு எழுதியிருக்காங்க. அது ஆபரேட்டர் பண்ண தப்புன்னு நானே போய் அவங்ககிட்ட சொல்லணுமா? உனக்கு மனசு வருதா?"

ஒரு நிமிடம் எனக்கு அவன்மேல் பரிதாபம் வந்தது, பொய் சொல்லவில்லை. அடுத்த நிமிடமே அது கோபத்தில் கரைந்து போனது. அவனை மதித்தவர்கள் இல்லாமலா இருந்தார்கள்? வியர்க்க வியர்க்க வரிசையில் நின்று, முந்தியடித்து டிக்கெட் எடுத்து, அவன் பெயர் திரையில் வந்ததும் விசிலடித்தவர்கள் எல்லாம் யாராம்? அவர்கள் தமிழில் "ஜானர்" என்று எழுதத் தெரியாதவர்கள். அதனால் அவர்கள் மதிப்பு கணக்கில் சேராது போலிருக்கிறது.

மறுநாள் ஸ்டுடியோவில் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என் கையால் செய்ய மாட்டேன் என்றேன். அண்ணனே மவுஸைப் பிடித்தான். திரையில் டிராக்குகளுக்கு நான் பெயர் போட்டு வைத்திருந்தேன்: அம்மா கால், அம்மா கை, அம்மா மூச்சு. ஒவ்வொன்றாக அமுக்கி ஊமையாக்கினான். ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாகியது.

"வேற எங்கயாவது இருக்கா?"

"இல்ல. இவ்வளவுதான் அவ."

அவன் தலையை ஆட்டிவிட்டு எழுந்தான். டைட்டிலிலிருந்து என் பெயரை எடுத்துவிடு என்று சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒலி இல்லாத படத்துக்கு ஒலி வடிவமைப்பாளராக என் பெயர் இன்றைக்கும் இருக்கிறது.

முதல் நாள் மாலைக் காட்சிக்கு அண்ணன் கட்டாயப்படுத்தி என்னையும் கூட்டிக்கொண்டு போனான். அவனுடைய பழைய கூட்டம் அப்படியே வந்திருந்தது. கும்பல் கும்பலாகப் பெண்கள், புதுசாகக் கல்யாணமான ஜோடிகள், பிள்ளைகுட்டிகளோடு குடும்பங்கள். வாசலில் போஸ்டரில் இருந்த பாராட்டு வரிகளை யாரும் படிக்கவில்லை. பேய்ப் படக்காரன் படம், அவ்வளவுதான் அவர்களுக்கு. நாங்கள் நடு வரிசையில் உட்கார்ந்தோம். அவன் பெயர் வந்ததும் விசில் பறந்தது. அண்ணன் முழங்காலைத் தட்டிக்கொண்டான்.

படம் ஆரம்பித்தது. மகள் பாத்திரம் கழுவினாள். எனக்கு முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு தயாரானாள். அம்மா நடக்க வேண்டிய இடம் வந்தது. என் காது தானாகப் பின்னால் போனது. ஒன்றுமில்லை. மகள் குழாயை மூடினாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கையை விட்டுவிட்டாள். அவள் எங்களை நம்பித்தான் கையைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவளை ஏமாற்றி அனுப்ப எங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

மகள் துணி மடித்தாள். ஒருவன் கொட்டாவி விட்டான். ஒரு போன் வெளிச்சம் வந்தது, அப்புறம் நாலைந்து. "பேய் லீவுல போயிருக்கு போல" என்று யாரோ சொல்ல, அந்தப் பக்கமே சிரித்தது. இடைவேளை முடிந்து திரும்பியபோது எங்கள் வரிசையில் பாதி நாற்காலிகள் காலி.

"அவங்களுக்கு இன்னும் பக்குவம் வரல" என்றான் அண்ணன் என் காதில்.

"பேயை உருவிக்கிட்டு அவங்களைக் குறை சொல்லாத. அடிச்சிடுவேன்" என்றேன். நிஜமாகவே அடித்திருப்பேன்.

மகள் கட்டிலில் உட்கார்ந்தாள். படத்திலேயே பெரிய இடம் அதுதான். அம்மா பின்னாலிருந்து நடந்து வந்து, கம்பியைத் தடவி, சரியாக ஒவ்வொருவரின் காதுக்கும் பின்னால் மூச்சு விட வேண்டும். திரையில் மகள் சும்மா உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்போது பின்வரிசையில் எவனோ ஒருவன், பொறுமை போய், செருப்பைத் தரையில் தேய்த்து இழுக்க ஆரம்பித்தான். சர்ர்... சர்ர்... என்று மெதுவாக. ஹால் சட்டென்று அடங்கியது. போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அவன் நாற்காலிக் கம்பியில் எதையோ வைத்துத் தேய்த்தான். கொஞ்சம் நிறுத்தினான். எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்தப் பாவிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனால் சரியான இடத்தில் நிறுத்தினான். பிறகு தனக்கு முன்னாலிருந்தவள் கழுத்துக்குப் பின்னால் போய் "ஹா" என்று மூச்சு விட்டான்.

அவள் வீறிட்டுக் கத்தினாள். அவளோடு சேர்ந்து மொத்தத் தியேட்டரும் கத்தியது. ஒரு குழந்தை அப்பா மடியில் ஏறி ஒளிந்தது. எனக்கு முன்னாலிருந்த பெண் தோழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கத்தல் சிரிப்பாக மாறி, சிரிப்பு கைதட்டலாகி, பழைய படங்களில் கேட்ட அதே சத்தம் ஹால் முழுக்க எழுந்தது.

அண்ணன் துள்ளிக் குதித்து என் கையை இறுக்கிப் பிடித்தான். அவன் கண்ணெல்லாம் மின்னியது. இத்தனை நாளில் அவனை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்க்கவில்லை.

"பயந்துட்டாங்க பார்த்தியா? எல்லாரும் பயந்துட்டாங்க."

"பார்த்தேண்ணா. ஆனா உன் படத்துக்கு இல்ல."

அவன் பிடி மெல்லத் தளர்ந்தது. திரையில் மகள் இன்னும் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தாள். ஹாலில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் பின்பக்கம் திரும்பி, அடுத்து அவன் என்ன செய்வான் என்று காத்திருந்தார்கள்.