வலிக்காத கால்

துல்கர்னைனின் வலது பாதத்தில் புண் வந்து நாலு மாதமாகியும் ஆறவில்லை. தறி மிதிக்கிற கால் அது. அது போனால் கடையநல்லூரில் அவன் வீட்டு அடுப்பு அணைந்த மாதிரிதான். மனைவி சைதூன் பீவி வைத்துக் கட்டாத பச்சிலை இல்லை. குற்றாலத்து அருவியில்கூட நனைத்துப் பார்த்தாயிற்று. கடைசியில், ஐம்பத்தொன்பதாம் வருஷத்து ஆடியில், தென்காசிக்கு டாக்டர் தங்கசாமியிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"புண்ண ஆறவிடாம செய்யது இந்த வீக்கந்தான்," என்றார் டாக்டர். "புதுசா ஒரு மாத்திரை வந்திருக்கு. வீக்கம் அடங்குனா தோலு தானா மூடும். ஆனா மூடிட்டுன்னு இருந்திரப்படாது. உள்ள சீழு நிக்குதான்னு நான் பாக்கணும். எட்டாம் நாள் வந்திரணும், கேட்டியளா?"

மாத்திரை பேய்வேலை செய்தது. மூன்றாம் நாள் சிவப்பு வடிந்தது. ஏழாம் நாள், புண் இருந்த இடத்தில் குழந்தைத் தோல் மாதிரி வழுவழுவென்று மூடிவிட்டது. சைதூன் சந்தோஷத்தில் அழுதே விட்டாள்.

ஆம்பிளைகளுக்கு வலி போனால் டாக்டரும் போன மாதிரிதான். "ஆறுன காலக் காட்டுததுக்கு எவனாவது பஸ் ஏறுவானா?" என்று துல்கர்னைன் தறியடியில் கால் மிதிக்கிற குழிக்குள் இறங்கிவிட்டான்.

மறுநாளே குழியில் எறும்பு. பாவு நூல் விறைக்கச் சோற்றுக்கஞ்சி போடுகிற வீட்டில் எறும்பு வராமல் என்ன செய்யும்? எந்தத் தறிகாரியும் அப்படித்தான் நினைப்பாள். சைதூனும் மஞ்சள்தூளைத் தூவிவிட்டு வேலையைப் பார்த்தாள். எறும்புகள் மஞ்சளைச் சுற்றிக்கொண்டு வந்தன.

அடுத்த வாரம் நெய்து முடித்த சேலையை அறுத்து இறக்கியாயிற்று. தறியில் ஒரு இழை பாவு இல்லை, வீட்டில் பொட்டுக் கஞ்சி இல்லை. வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது. துல்கர்னைன் வெறுங்குழிக்குள் காலைத் தொங்கவிட்டுப் பீடி குடித்துக்கொண்டிருந்தான். அப்போதும் எறும்புகள் வந்தன. சுவரோரமாக இறங்கி, நேராக அவன் வலது பாதத்தில் ஏறி, அந்தப் புதுத்தோலைச் சுற்றி வட்டமாக நின்றன. கடிக்கவில்லை. எதற்கோ காத்திருந்தன.

சைதூன் குழியோரம் வந்து குனிந்தாள்.

"என்னங்க, கால்ல எறும்பு ஏறுதே, தெரியலையா?"

"எங்கன?" குனிந்து பார்த்துச் சிரித்தான். "ஏட்டி, நாலு மாசம் ஊரக் கூட்டுன காலு. இப்பப் பாரு, ஒரு சத்தமில்ல."

அவள் குழிக்குள் இறங்கி எறும்புகளைத் தட்டிவிட்டாள். கட்டைவிரலால் அந்தத் தோலை அழுத்தினாள். விரல் அமிழ்ந்தது. நகம் முழுக்க மறைந்தது. தோல் கிழியவில்லை, உள்ளே தடுக்கத்தான் எதுவும் இல்லை. விரலை உருவாமலே அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

மேலே அவன் நிதானமாகப் புகையை விட்டான்.

"என்னட்டி பாத்துக்கிட்டே நிக்கே? பயப்படாம அமுக்கித்தான் பாரேன்."