தூங்கிப்போன முந்நூற்றுப் பன்னிரண்டு கணினிகள்

கம்பெனியில் எல்லோருக்கும் அவள் டாக்டரம்மா. ஊசி, மருந்து எதுவும் கிடையாது. கணினிகளுக்கு உடம்புக்கு வந்தால் பார்ப்பது அவள் வேலை, அவ்வளவுதான். அன்று காலை நனைந்த குடையை மடக்கி வைப்பதற்குள் போன் அடித்தது.

"டாக்டரம்மா, என் கம்ப்யூட்டர் தூங்கிடுச்சு. என்ன தட்டினாலும் எழுந்திருக்க மாட்டேங்குது" என்றாள் விற்பனைப் பிரிவுப் பெண்.

அடுத்த போனிலும் அதே புலம்பல். அதற்கடுத்ததிலும் அதேதான். முந்தின நாள் எல்லாக் கணினிகளுக்கும் போன புது அப்டேட் செய்த கூத்து அது. பத்து நிமிடம் தொடாமல் விட்டால் திரை கறுத்துவிடும். அணைத்துப் போட்டால் விழிக்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி கண்ணயரும்.

அவள் மாடி மாடியாக ஏறிப் பார்த்தாள். வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. கறுத்த திரைகளுக்கு முன்னால் ஆட்கள் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். வடிவமைப்பாளர் ஒருவர் நாற்காலியிலேயே சாய்ந்து லேசாகக் குறட்டை விட்டார். பேச்சுக்கூடக் கிசுகிசுப்பாகிவிட்டது. கட்டடமே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது.

ஒரு கணினியைக் கையால் சரிசெய்ய எட்டு நிமிடம் பிடித்தது. இருப்பதோ முந்நூற்றுப் பன்னிரண்டு. தலைகீழாக நின்றாலும் ஒரு வாரம் ஆகும். தன் அறைக்குத் திரும்பி ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தாள். செய்ய வேண்டியதை வரிவரியாக ஒருமுறை எழுதிவிட்டால் போதும், ஒவ்வொரு கணினியும் தானே படித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

வேலை முடிந்ததா என்று தெரிய, சோதித்துப் பார்க்கும்வரை மட்டும் கடைசி வரியில் ஒரு செய்தி வைத்தாள். தினமும் காலையில் மகளை உலுக்கிச் சொல்வதுதான் கைக்கு வந்தது: 'எழுந்திரு கண்ணு, விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு!'

மேசையிலிருந்த பழைய கணினியில் ஓட்டிப் பார்த்தாள். செய்தி வந்தது, தூக்கம் போனது. எல்லா மாடிக்கும் போன் போட்டு, கணினிகளை அணைத்துப் போடச் சொல்லிவிட்டு அனுப்பினாள். அவள் திரையில் கணினிகளின் பட்டியல் பச்சையாகிக்கொண்டே வந்தது. பத்து, ஐம்பது, இருநூறு.

அப்போதுதான் உறைத்தது. அந்தக் கடைசி வரியை எடுக்கவே இல்லை!

பக்கத்து அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அத்தனை திரைகளிலும் அந்த வரி. கீழே 'சரி' என்ற பொத்தான் இருந்தும் ஒருவரும் அழுத்தவில்லை. விற்பனைப் பிரிவுப் பெண் விரலை மவுஸில் வைத்தபடி, அம்மா வந்து எழுப்பியதுபோல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மேலாளர் கூப்பிட்டார். "யாரும்மா இதை எழுதினது?"

"நான்தான் சார். எடுக்க மறந்துட்டேன்."

"இனிமே அனுப்புறதுக்கு முன்னாடி இன்னொருத்தர்கிட்ட காட்டிட்டு அனுப்புங்க." தன் திரையில் இன்னும் இருந்த அந்த வரியை ஒருமுறை பார்த்தார். "கம்ப்யூட்டர் எல்லாம் முழிச்சிருச்சு. அது போதும்."

மானம் போனாலும் வேலை போகவில்லை. அவள் அந்த வரியை அழித்துவிட்டு ஸ்கிரிப்டை மறுபடி அனுப்பினாள்.

மழை விட்ட பிறகு கிடங்குப் பொறுப்பாளரிடமிருந்து போன் வந்தது. யாரிடமும் சிரித்துப் பேசாத மனிதர். இவரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தபடி எடுத்தாள்.

"அந்த வரியை எடுத்துட்டீங்களா?"

"எடுத்தாச்சு சார். தப்பா போயிடுச்சு, மன்னிச்சிருங்க."

அந்தப் பக்கம் பெட்டிகளை இழுக்கும் ஓசை கேட்டது.

"அப்படியா... சரி" என்று வைத்துவிட்டார்.

அவள் ரிசீவரைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு கிடங்கின் கணினிக்கு மட்டும், அந்த வரி தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒருமுறை வந்து போகும்படி, ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினாள். இந்த முறை யாரிடமும் காட்டவில்லை.